எல்லா கிரகமும் ஒரே கல்லுதானா? பல்லாவரம் கல்லுல இருந்து புதன் வரைக்கும்

ஆகஸ்ட் 23, மாலை. கேள்வி (மேடவாக்கம் தம்பி ஒருத்தர் போட்டது)

இன்னிக்கு விண்வெளி நாள்னு தங்கச்சி ஸ்கூல்ல சார்ட் கேட்டிருந்தாங்க, நான்தான் படம் வெட்டி ஒட்டிக் குடுத்தேன். ஒட்டும்போது ஒரு யோசனை. நிலா சாம்பல் கலரு, செவ்வாய் சிவப்பு, வெள்ளி ஆரஞ்சு, புதன் திரும்பவும் சாம்பல். கலரை விட்டுட்டுப் பார்த்தா எல்லாமே கல்லும் தூசியும்தான். நம்ம ஊர்ல கிடக்கிற அதே கல்லுதானே அங்கயும் இருக்கும்? அப்புறம் எதுக்கு அவ்ளோ தூரம் போய் நோண்டணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஆகஸ்ட் 23, இரவு 10 மணி

தம்பி, பாதி சரி. மீதி பாதிலதான் விஷயமே இருக்கு.

நான் ஜியாலஜி படிச்சவன், இப்போ கட்டுமானப் பொருள் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட், இதுதான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். அதனால கல்லுன்னாலே கொஞ்சம் நீட்டி முழக்குவேன்.

சரியான பாதி என்னன்னா, சரக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். சூரியனைச் சுத்தி இருந்த ஒரே தூசி, வாயு மேகத்துல இருந்துதான் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் வந்துச்சு. நம்ம பூமியோட மேலோட்டை எடை போட்டா 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான், அப்புறம் அலுமினியம் 8, இரும்பு 5, மிச்சத்துல கால்சியம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம். மத்த கிரகங்கள்லயும் இதே ஆளுங்கதான், அளவு மட்டும் மாறும். சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்து நிக்கும், நடுவுல இருக்கிற சந்துல இரும்போ மெக்னீசியமோ கால்சியமோ போய் உக்காரும், எது உக்காந்திருக்கோ அதுக்கேத்த கனிமம்.

ஆனா நம்ம ஊர்ல கிடக்கிற கல்லு அங்கயும் இருக்கும்னு சொன்னீங்க பாருங்க, அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. சென்னைக்கு அடியில இருக்கிற மாதிரி கல்லு மத்த கிரகத்துல ரொம்ப அபூர்வம். அங்கெல்லாம் எங்க கை வெச்சாலும் பசால்ட்டுதான், எரிமலைக் குழம்பு ஆறி வர்ற கருப்புக் கல்லு. நிலாவுல கருப்பாத் தெரியிற திட்டு பசால்ட். செவ்வாய் பெரும்பாலும் பசால்ட். வெள்ளியில இறங்கி அளந்த இடங்கள்லயும் பசால்ட் மாதிரிதான் வந்துச்சு. பூமியிலயே கடலுக்கு அடியில இருக்கிற தரை பசால்ட். கண்டம்னு நாம நிக்கிறோமே, இதுதான் விதிவிலக்கு.

நாளைக்கு வேலை இருக்கு, காலைல எழுதறேன்.

ஆகஸ்ட் 23, இரவு 11:40

தூக்கம் வரல, நம்ம ஊர் கல்லைப் பத்தி இப்பவே சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம மத்தது புரியாது.

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், இந்த வரிசையில இருக்கிற மலை எல்லாம் சார்னோகைட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893ல இதுக்கு அந்தப் பேரை வெச்சாரு. கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுல ஜாப் சார்னாக்னு கிழக்கிந்தியக் கம்பெனி ஆளோட கல்லறை இருக்கு, அதுல போட்டிருக்கிற கல்லு மெட்ராஸ் பக்கத்துல இருந்து போனது, அவர் பேரையே கல்லுக்கு வெச்சுட்டாங்க. இன்னிக்கு உலகத்துல எந்த ஊர்ல இந்த மாதிரி கல்லு கிடைச்சாலும் சார்னோகைட்டுன்னுதான் எழுதுவாங்க. பல்லாவரத்துப் பாறையை தேசிய நிலவியல் சின்னமா அறிவிச்சும் வெச்சிருக்காங்க.

எங்க லேப்புக்கு வர்ற 20 எம்எம் ஜல்லியில ஒண்ணைப் புதுசா உடைச்சு, உடைஞ்ச முகத்தை லென்ஸ் வெச்சுப் பாத்தீங்கன்னா தெரியும். வெளிய அழுக்குச் சாம்பலா இருக்கும், உள்ள நீலமும் பச்சையும் கலந்த ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. அதுல தண்ணி மாதிரி தெளிவா, லேசா நீலம் அடிக்கிறது குவார்ட்ஸ். பச்சை கலந்த சாம்பல்ல தட்டையா மின்னுறது ஃபெல்ட்ஸ்பார். நடுநடுவுல பித்தளை மாதிரி பழுப்பா மினுங்கும் பாருங்க, அது ஹைப்பர்ஸ்தீன், அதுதான் சார்னோகைட்டுக்கு அடையாளம். இந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம், பூமிக்குள்ள இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துல வெந்துட்டு மேல வந்தது. அதைத்தான் நாம கிரஷர்ல போட்டு உடைச்சு, கான்கிரீட்டுல கொட்டி, அதுக்கு மேல குடியிருக்கோம்.

இதுல சிலிக்கா, அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேந்தது, கிட்டத்தட்ட 70 சதவீதம். பசால்ட்டுல 50 பக்கம்தான். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க.

ஆகஸ்ட் 24, காலை

தாம்பரம் அண்ணன் ஒருத்தர், 50க்கும் 70க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்னு கேட்டிருக்காரு. நல்ல கேள்விண்ணா.

கல்லு ஒரே சூட்டுல மொத்தமா உருகாது. பூமியில மேலோட்டுக்கு அடியில இருக்கிற மேன்டில்ங்கிற அடுக்குல இருக்கிறது ஒலிவின், பைராக்சின்னு இரும்பும் மெக்னீசியமும் இருக்கிற கனிமங்கள் நிறைஞ்ச பச்சைக் கல்லு. அது சூடேறும்போது சீக்கிரம் உருகற பகுதி மட்டும் முதல்ல உருகி மேல வரும், அந்தக் குழம்பு ஆறினா பசால்ட். எந்தக் கிரகமா இருந்தாலும் உள்ள சூடு இருந்தாப் போதும், இந்த முதல் ரவுண்டு நடந்துரும், அதனாலதான் எங்க பாத்தாலும் பசால்ட்.

சிலிக்கா 70 வரணும்னா இன்னொரு ரவுண்டு வேணும். வந்த பசால்ட்டையே திரும்ப உள்ள அனுப்பி, திரும்பக் கொஞ்சமா உருக்கணும். தண்ணி இல்லாத பசால்ட்டை உருக்க 1100 டிகிரிக்கு மேல சூடு கேக்கும். அதுல தண்ணி சேந்துருந்தா, ஆழத்து அழுத்தத்துல 700, 800 டிகிரியிலயே உருக ஆரம்பிச்சுரும். பூமியில கடல் இருக்கு, கடல் தண்ணிய உறிஞ்சின தரை இருக்கு, அந்தத் தரையை உள்ள இழுத்துட்டுப் போற தட்டு நகர்வும் இருக்கு. கோடிக்கணக்கான வருஷமா இந்த வேலை நடந்து நடந்துதான் கண்டம் சேந்துச்சு. மத்த மூணு கிரகத்துலயும் இந்த மூணும் சேந்து அமையல.

அதனால ஒரு கிரகத்துல எந்தக் கல்லு இருக்குன்னு தெரிஞ்சா, அங்க எவ்ளோ சூடு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சா, ஆக்சிஜன் எவ்ளோ கிடைச்சுது, எல்லாத்தையும் படிச்சிரலாம். எதுக்கு நோண்டணும்னு கேட்டீங்களே தம்பி, இதுக்குத்தான். வேற வழியே கிடையாது, நானூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு சாட்சி கல்லு மட்டும்தான்.

ஆகஸ்ட் 24, மதியம்

நிலா. (கிரகம் இல்லன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, கல்லு விஷயத்துல அதை விட்டுட்டுப் பேச முடியாது.)

வெறும் கண்ணுல பாத்தாலே நிலாவுல ரெண்டு கலரு தெரியும். கருப்புத் திட்டு பசால்ட்னு சொல்லிட்டேன். வெளுப்பா இருக்கிற மேட்டு நிலம் அனார்தோசைட். கிட்டத்தட்ட முழுக்க ஒரே கனிமம், கால்சியம் நிறைஞ்ச ஃபெல்ட்ஸ்பார். அது எப்படி அவ்ளோ பரவலா வந்துச்சுன்னா, ஆரம்பத்துல நிலா முழுக்க உருகின குழம்புக் கடலா இருந்துருக்கு, ஆறும்போது கனமான ஒலிவின், பைராக்சின் எல்லாம் கீழ இறங்கிருச்சு, இலேசான ஃபெல்ட்ஸ்பார் பால்ல ஆடை கட்டற மாதிரி மேல மிதந்து நின்னுருச்சு. அப்பல்லோ ஆளுங்க 1969ல இருந்து 72 வரைக்கும் ஆறு தடவை இறங்கி 382 கிலோ கொண்டு வந்தாங்க இல்ல, இந்தக் கதையே முதல் தடவை கொண்டுவந்த மண்ணுல கிடைச்ச சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்கை வெச்சுதான் ஆரம்பிச்சுது.

ஆனா அவங்க இறங்கினது எல்லாம் நடு வட்டாரம். தெற்குக் கோடியில கதை ஒத்துவருதான்னு யாரும் கிட்டப் போய்ப் பாக்கல. அதைப் பாத்தது சந்திரயான்-3ல போன நம்ம பிரக்யான் ரோவர். 2023 ஆகஸ்ட் 23 இறங்கினதும் 103 மீட்டர் ஊர்ந்து 23 இடத்துல ஏபிஎக்ஸ்எஸ்னு தனிமங்களை அளக்கிற கருவியை மண்ணுகிட்ட இறக்கி அளந்துச்சு. ரிசல்ட் 2024 ஆகஸ்ட்ல நேச்சர் இதழ்ல வந்துச்சு, அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வுக்கூடம்) ஆளுங்க எழுதினது. அங்கயும் அனார்தோசைட் வகைதான், 23 இடத்துலயும் பெருசா மாத்தம் இல்ல, எதிர்பார்த்ததை விட மெக்னீசியம் கனிமம் மட்டும் கொஞ்சம் கூட. பக்கத்துல இருக்கிற ராட்சசப் பள்ளம் உருவானப்போ ஆழத்துல இருந்து அள்ளி வீசின சரக்கு கலந்திருக்கலாம்னு சொல்றாங்க. குழம்புக் கடல் கதைக்குத் தென்கோடியில இருந்து ஒரு சாட்சி கிடைச்சிருச்சு. அன்னிக்கு டிவியில கை தட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? ஸ்கூல் சார்ட்ல ராக்கெட் படம் ஒட்டறாங்க, இறங்கி என்ன கண்டுச்சுன்னு ஒரு வரி எழுத மாட்டேங்கறாங்க. எனக்கு அது நிஜமாவே வருத்தம்.

அந்த ஏபிஎக்ஸ்எஸ் எப்படி வேலை செய்யுதுன்னா, க்யூரியம்-244னு ஒரு கதிரியக்கப் பொருளை உள்ள வெச்சிருப்பாங்க, அதுல இருந்து வர்ற ஆல்ஃபா துகளும் எக்ஸ்ரேயும் மண்ணுல பட்டதும், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயைத் திருப்பி விடும். எது எவ்ளோ வருதுன்னு எண்ணினா தனிமக் கணக்கு ரெடி. சிமெண்ட் சாம்பிளை எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல போடறோமே, அடிப்படை அதேதான். எங்க மெஷினுக்கு ஏசி ரூம், ஸ்டெபிலைசர் எல்லாம் வேணும், அது நிலாவுல நின்னுக்கிட்டு பண்ணுது.

ஆகஸ்ட் 24, மாலை

"நாமக்கல்ல நிலா மண்ணு இருக்காமே?"ன்னு பெரம்பூர் அக்கா கேட்டிருக்காங்க.

ஆமாக்கா. நாமக்கல் மாவட்டத்துல சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் அனார்தோசைட் பாறை இருக்கு. இஸ்ரோ அதை எடுத்து, அரைச்சு, நிலா மண்ணு அளவுக்குப் பொடி பண்ணி, பெங்களூர்ல பரப்பி அதுல லேண்டர், ரோவரை எல்லாம் சோதிச்சாங்க. அமெரிக்காவுல இருந்து வாங்கறதுன்னா எக்கச்சக்க செலவு, இங்கயே கிடைச்சிருச்சு. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆளுங்களும் திருச்சி என்ஐடி ஆளுங்களும் அதுல உழைச்சிருக்காங்க. செய்முறைக்கு 2020ல காப்புரிமையும் வாங்கிட்டாங்க.

ஆனா அது நிலா மண்ணு இல்ல, நிலா மண்ணு மாதிரி. நிலாவுல காத்தும் இல்ல தண்ணியும் இல்ல, அதனால அங்க இருக்கிற தூள் ஒவ்வொண்ணும் உடைஞ்ச கண்ணாடிச் சில்லு மாதிரி கூரா இருக்கும். குட்டிக் குட்டி விண்கல்லு விழுந்து விழுந்து உருகி ஒட்டின கண்ணாடித் துணுக்கும் நிறைய. அதை நம்ம கிரஷர்ல செய்ய முடியாது.

ஆகஸ்ட் 25, காலை

இன்னிக்குத் தேதி விசேஷம். 1865 ஆகஸ்ட் 25, பீகார்ல கயா பக்கம் ஷெர்காட்டிங்கிற ஊர்ல வானத்துல இருந்து ஒரு கல்லு விழுந்துச்சு, சுமார் 5 கிலோ. பாத்தா பசால்ட் மாதிரி இருந்துச்சு, வழக்கமான விண்கல்லு மாதிரி இல்ல. ரொம்ப காலம் அது எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. வயசு பாத்தா 20 கோடி வருஷம் கூட இல்ல, அவ்ளோ கிட்டத்துல எரிமலை பொங்கின இடம்னா அது சின்ன விண்கல்லா இருக்க வாய்ப்பே இல்ல, ஒரு கிரகமாத்தான் இருக்கணும். அப்புறம் இதே வகையில அண்டார்டிகாவுல கிடைச்ச ஒரு கல்லுக்குள்ள மாட்டியிருந்த வாயுவை அளந்தாங்க, அது 1976ல வைக்கிங் லேண்டர் செவ்வாய்ல அளந்த காத்தோட அப்படியே பொருந்திருச்சு. ஏதோ ஒரு மோதல்ல செவ்வாய்ல இருந்து தெறிச்சு, சுத்தி அலைஞ்சு, பீகார்ல வந்து விழுந்திருக்கு. உலகம் முழுக்க இந்த வகைக்கு ஷெர்கோட்டைட்னுதான் பேரு. கல்லு உலகத்துல பல்லாவரமும் பீகாரும் ரெண்டு பெரிய விலாசம்.

சரி, செவ்வாய் சிவப்பு. தம்பியோட கேள்வியில இருக்கிற பெரிய சிக்கல் இந்தக் கலருதான். அது தோல் மட்டும். இரும்பு ஆக்சைடு தூசி கிரகம் முழுக்கப் படிஞ்சு கிடக்கு. 2004ல ஸ்பிரிட் ரோவர் ஒரு கல்லோட மேல்முகத்தைச் சுரண்டிப் பாத்தப்போ உள்ள கரும் சாம்பல், ஒலிவின் இருக்கிற பசால்ட். 2013 பிப்ரவரில க்யூரியாசிட்டி ரோவர் முதல் முதலா துளை போட்டுத் தூள் எடுத்துச்சு, வெளிய வந்த தூள் சாம்பல் கலரு. அந்த போட்டோவை எல்லாரும் ஒரு தடவை பாக்கணும். சுத்தி எங்க பாத்தாலும் செவசெவன்னு இருக்கு, நடுவுல சின்ன வட்டத் துளை, அதைச் சுத்தி நம்ம சிமெண்ட் கலர்ல தூள்.

அந்தக் கல்லு பசால்ட் கூட இல்ல, சேத்துக் கல்லு. ஏரித் தண்ணியில படிஞ்ச சேறு இறுகினது, அதுல அஞ்சுல ஒரு பங்கு களிமண் கனிமம். களிமண் வரணும்னா தண்ணியில கல்லு நல்லா ஊறணும். செவ்வாய்ல தண்ணி இருந்துச்சுங்கிறதுக்கு அந்தத் தூளை விடப் பெரிய ஆதாரம் தேவையில்ல.

ஆகஸ்ட் 25, இரவு

ஸ்பிரிட்டைப் பத்தி இன்னொண்ணு, விட மனசு வரல. 2006ல அதோட முன் சக்கரம் ஒண்ணு சுத்தறதை நிறுத்திருச்சு. நின்ன சக்கரத்தைத் தரையில இழுத்துக்கிட்டே பின்னாடியா நகர்ந்துச்சு, அது போற வழி எல்லாம் ஏர் ஓட்டின தடம். 2007ல அந்தத் தடத்துல பளீர்னு வெள்ளையா மண்ணு தெரிஞ்சுது, அளந்தா 90 சதவீதம் சிலிக்கா. வெந்நீர் ஊத்து இல்லன்னா நீராவி வந்த இடத்துலதான் அப்படிச் சேரும். சக்கரம் நல்லா இருந்திருந்தா அந்த மண்ணு மேல ஏறிப் போயிருக்கும், அடியில இருக்கிறது தெரிஞ்சிருக்காது.

ஆகஸ்ட் 27

வெள்ளி எழுதலையான்னு கேட்டு மெசேஜ் வந்துருக்கு. ரெண்டு நாளா சைட் விசிட், இப்பதான் உக்காந்தேன்.

வெள்ளியில தரைக்கு மேல சூடு சுமார் 460 டிகிரி, காத்தழுத்தம் நம்மதை விட 90 மடங்கு. ஈயம் உருகிரும். அங்க சோவியத் ஆளுங்க 1982 மார்ச்ல வெனேரா 13, வெனேரா 14னு நாலு நாள் இடைவெளியில ரெண்டை இறக்கினாங்க. 13 ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல உயிரோட இருந்துச்சு, 127 நிமிஷம். அந்த நேரத்துக்குள்ள தரையில துளை போட்டு, தூளை உள்ள இழுத்து, மூடின அறைக்குள்ள வெச்சு எக்ஸ்ரே வெச்சு அளந்துச்சு. ரெண்டுமே பசால்ட் வகை. 14 இறங்கின இடத்துல கிடைச்சது நம்ம கடலடித் தரை பசால்ட்டுக்கு ரொம்ப நெருக்கம். 13ல பொட்டாசியம் நிறைய, ஆக்சைடு கணக்குல 4 சதவீதம், அது வேற மாதிரி பசால்ட்.

14ல ஒரு சோகம். தரை எவ்ளோ கெட்டின்னு அழுத்திப் பாக்க ஒரு கை வெச்சிருந்தாங்க, அது மடங்கி இறங்கின இடத்துல கேமராவுல இருந்து கழண்டு விழுந்த மூடி கிடந்துச்சு. அத்தனை கோடி கிலோமீட்டர் போயும் மூடியைத்தான் அழுத்திச்சு.

ஆரஞ்சுக் கலரு? அது காத்தோட வேலை. அடர்த்தியான மேகம் நீல வெளிச்சத்தை எல்லாம் முழுங்கிட்டு ஆரஞ்சை மட்டும் கீழ விடுது. அந்தக் கல்லை நம்ம வெயில்ல கொண்டுவந்து வெச்சா சாம்பல்தான். ஆக உங்க சார்ட்ல நாலும் சாம்பல் தம்பி, செவ்வாய்க்கு மட்டும் மேல சிவப்புத் தூசி போடணும்.

வெள்ளியில டெசரான்னு மடிப்பு மடிப்பா மேட்டு நிலம் இருக்கு. அங்க ஒருத்தரும் இறங்கினது இல்ல. அது கிரானைட் மாதிரி சிலிக்கா கூடின கல்லா இருந்தா, வெள்ளியிலயும் ஒரு காலத்துல தண்ணி இருந்திருக்கணும். எனக்கு வாழ்நாள்ல ஒரே ஒரு கல்லோட ரிப்போர்ட்தான் பாக்கக் கிடைக்கும்னா அதைத்தான் கேப்பேன்.

ஆகஸ்ட் 28

ரெண்டு ஆட்சேபணை வந்துருக்கு, ரெண்டும் கனமானது.

ஒண்ணு, நிலாவுலயே கிரானைட் கண்டுபிடிச்சாங்களேன்னு. ஆமா, 2023ல வந்துச்சு. காம்ப்டன்-பெல்கோவிச்னு நிலாவோட பின்பக்கம் ஒரு இடம், அங்க தரைக்கு அடியில வழக்கத்தை விட சூடு கசியுது. சீன சுற்றுக்கலங்களோட மைக்ரோவேவ் அளவை வெச்சு அது தெரிஞ்சுது. கிரானைட்டுல யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சேரும், அதுங்க சிதையறதால சூடு வரும், அதனால அடியில சுமார் 50 கிலோமீட்டர் அகலத்துக்கு கிரானைட் உடம்பு இருக்குன்னு கணக்கு போட்டாங்க. தண்ணி இல்லாத நிலாவுல எப்படி? குழம்பு திரும்பத் திரும்பக் கொஞ்சமா உருகி, கொஞ்சமா இறுகினா கடைசில மிச்சம் இருக்கிற குழம்புல சிலிக்கா கூடிட்டே போகும், தண்ணி இல்லாமலும் கொஞ்சம் வரும். ஆனா அது ஒரு திட்டு. ஒரு கண்டமே வரணும்னா தண்ணி வேணும். அபூர்வம்னு முதல் நாளே எழுதினேன், அந்த அபூர்வத்துல இது ஒண்ணு.

ரெண்டாவது, கோட்டூர்புரத்துல இருந்து ஒரு சார் எழுதினது, படிச்சதுமே எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சேன். "கண்டத்துக்குத் தண்ணி வேணும்னு சொல்றீங்க, ஆனா சார்னோகைட்டே வறண்ட கல்லாச்சே, ஹைப்பர்ஸ்தீன் இருந்தாலே தண்ணி இல்லைன்னுதானே அர்த்தம்?"

ரொம்ப சரி சார். தண்ணி இருந்திருந்தா அதே இரும்பும் மெக்னீசியமும் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் மாதிரி தண்ணிய உள்ள பிடிச்சு வெச்சிருக்கிற கனிமமா ஆகியிருக்கும். நான் பாக்கிற விதம் என்னன்னா, ரெண்டு கட்டமா யோசிக்கணும். முதல் கட்டத்துல தண்ணி சேந்து உருகித்தான் சிலிக்கா கூடின கல்லு வந்துச்சு. அப்புறம் அது ஆழத்துல மாட்டி, 700, 800 டிகிரிக்கு மேல வெந்து, இருந்த ஈரமெல்லாம் போயிருச்சு, அடியில இருந்து வந்த கார்பன் டை ஆக்சைடும் தண்ணிய வெளிய தள்ளியிருக்கு. தர்மபுரி பக்கம், கர்நாடகாவுல கபால்துர்கா பக்கம் எல்லாம் நைஸ் (gneiss)னு சொல்ற சாதாரணப் பட்டைப் பாறைக்கு நடுவுல திட்டுத் திட்டா சார்னோகைட்டா மாறியிருக்கிறதை நேர்லயே பாக்கலாம், காலேஜ்ல ஃபீல்டு கூட்டிட்டுப் போனப்போ பேராசிரியர் அதுல கை வெச்சுக் காட்டினாரு, அந்தப் பக்கம் பிங்க் கலந்த சாம்பல், இந்தப் பக்கம் கரும்பச்சை, நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை கூட இல்ல, விரலைத் தள்ளத் தள்ளக் கலர் மாறுது. பல்லாவரம் கல்லு நேரா குழம்புல இருந்தே வறண்டு வந்ததுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஹாலண்ட் காலத்துல இருந்து நடக்கிற வாதம். எப்படி இருந்தாலும் அந்த 70 சதவீத சிலிக்காவுக்கு ஒரு காலத்துல தண்ணி தேவைப்பட்டிருக்கு, இதுல நான் உறுதியா நிக்கிறேன்.

ஆகஸ்ட் 30

சனிக்கிழமை. கேள்வி கேட்ட தம்பி தங்கச்சியோட பெசன்ட் நகர் பீச்சுக்குப் போகப் போறேன்னு சொன்னதால இது.

ஸ்பீக்கர்ல இருக்கிற காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பாலித்தீன் கவருக்குள்ள போட்டுத்தான் மண்ணுல வைக்கணும், இல்லன்னா ஒட்டினதை எடுக்கவே முடியாது, கவரா இருந்தா காந்தத்தை உருவினதும் தானா கொட்டிரும். அலை வந்து போன இடத்துல கருப்பா கோடு கோடா மண்ணு படிஞ்சிருக்கும், மழைக்காலம் முடிஞ்ச கையோட போனா இன்னும் நல்லாத் தெரியும். காந்தத்துல துள்ளி ஒட்டறது மேக்னடைட். ஒட்டாம மிச்சம் இருக்கிற கருப்புல இல்மனைட் இருக்கும், இரும்பும் டைட்டானியமும் சேந்தது. கண்ணாடி மாதிரி ரோஸ் கலர்ல மின்னுறது கார்னெட். வெள்ளை எல்லாம் குவார்ட்ஸ், நம்ம பாறை கரைஞ்சு வந்தது.

இல்மனைட்தான் நிலாவோட கருப்புத் திட்டுலயும் நிறைய இருக்கு, அப்பல்லோ 11 கொண்டுவந்த பசால்ட்டுல அவ்ளோ டைட்டானியத்தைப் பாத்து ஆடிப் போனாங்க. மேக்னடைட்டுக்கு செவ்வாய். ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரெண்டுலயும் காந்தம் வெச்சு அனுப்பினாங்க, தூசி வந்து ஒட்டிச்சு, அதுல மேக்னடைட் இருக்குன்னு தெரிஞ்சுது. நீங்க பீச்சுல பண்ணப் போறதும் அதே சோதனைதான்.

ஆனா அந்த வெள்ளை மண்ணு, குவார்ட்ஸ் பீச், அது வேற எந்தக் கிரகத்துலயும் கிடையாது. செவ்வாய்ல மணல் குன்று இருக்கு, அது கருப்பு, பசால்ட் தூள்.

செப்டம்பர் 2

கடைசியா புதன். எல்லாத்துலயும் விசித்திரமானது இதுதான், ஆனா யாரும் பேசறது இல்ல.

மெசஞ்சர் கலம் 2011 மார்ச்ல இருந்து 2015 ஏப்ரல் வரைக்கும் சுத்திச்சு, கடைசில எரிபொருள் தீந்து தரையிலயே மோதிருச்சு. போறதுக்கு முன்னாடி எல்லாரும் எதிர்பார்த்தது, சூரியனுக்கு அவ்ளோ கிட்ட இருக்கு, சீக்கிரம் ஆவியாகற சரக்கெல்லாம் போயிருக்கும்னு. அளந்தா கந்தகம் 4 சதவீதம் வரைக்கும் இருக்கு. பூமி மேலோட்டுல அதுல நூத்துல ஒரு பங்கு தேறினாலே பெரிசு. இரும்போ தலைகீழ். புதனோட உள்ள இரும்பு உருண்டை மொத்த ஆரத்துல 80 சதவீதத்துக்கு மேல, கிட்டத்தட்ட இரும்புக் கிரகம், ஆனா மேல் தரையில இரும்பு 2 சதவீதம் பக்கம்தான்.

ஏன்? ஆக்சிஜன் பத்தாத இடத்துல உருவாகியிருக்கு. இரும்புக்கு ஆக்சிஜன் கிடைச்சாதான் அது கல்லுக்குள்ள தங்கும். கிடைக்கலன்னா உலோகமா நின்னு கனத்துல உள்ள முழுகிரும். ஆக்சிஜன் இல்லாத இடத்துல கந்தகம் குழம்புல நல்லாக் கரைஞ்சு நிக்கும், ஆறினதும் கால்சியம், மெக்னீசியத்தோட சல்ஃபைடா உக்காந்திரும். செவ்வாய் இதுக்கு நேர் எதிர், அதோட மேன்டில்ல நம்மதை விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு இரும்பு ஆக்சைடு. ஒரே தூசி மேகம், சூரியன்ல இருந்து தூரம் போகப் போக இரும்பு உலோகமா நிக்கறதா கல்லா நிக்கறதான்னு மாறிட்டே வருது. ரெண்டாவது நாள் ஆக்சிஜனும் தெரியும்னு எழுதினேனே, அது இதுதான்.

அப்புறம் புதன் ஏன் நிலாவை விடக் கருப்பு? கிராஃபைட், நம்ம பென்சிலுக்குள்ள இருக்கிற கருப்புக் குச்சி. புதன் குழம்புல இரும்பு கம்மி, அதனால குழம்பே இலேசு, அதுல ஃபெல்ட்ஸ்பார் மிதக்காது. மிதக்கற அளவுக்கு இலேசானது கிராஃபைட் ஒண்ணுதான். நிலாவுக்கு வெள்ளை ஆடை, புதனுக்குக் கருப்பு ஆடை. அதை அப்புறம் எரிமலைக் குழம்பு மூடிருச்சு, விண்கல்லு அடிச்சு மேல கிளறினதுதான் இப்போ தெரியுது.

பெபிகொலம்போன்னு அடுத்த கலம் 2026 நவம்பர்ல அதோட சுற்றுப்பாதைக்குப் போகணும்னு திட்டம். காத்துட்டிருக்கேன்.

செப்டம்பர் 3

சனி கிரகத்தோட நிலாவான டைட்டனைப் பத்திக் கேட்டவங்களுக்கு: 2005 ஜனவரி 14 ஹைகன்ஸ் கலம் இறங்கி எடுத்த படத்துல உருண்டையா தெரியற கூழாங்கல்லு எல்லாம் தண்ணி ஐஸ். மைனஸ் 179 டிகிரியில ஐஸ் பாறை மாதிரி இறுகிரும். அங்க மணல், ஆறு, கரை எல்லாம் உண்டு, சிலிக்கா மட்டும் கண்ணுல படாது. அது தனி இழையா போட வேண்டிய சமாச்சாரம்.

செப்டம்பர் 5

தம்பி திரும்ப வந்து கேட்டிருக்காரு, இறங்காமலே மேல இருந்து எப்படித் தெரியுதுன்னு. பீச்சுல எடுத்த கருப்பு மண்ணையும் போட்டோ போட்டிருக்காரு, கார்னெட் நல்லாத் தெரியுது.

ரெண்டு வழி. ஒண்ணு, திரும்பி வர்ற சூரிய வெளிச்சத்துல எந்தப் பகுதி குறையுதுன்னு பாக்கறது. பைராக்சின் அகச்சிவப்புல ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் கிட்ட வெளிச்சத்தை முழுங்கும், அதைப் பாத்தே ஆளைச் சொல்லிரலாம். சந்திரயான்-1ல போன எம்3 கருவி இதே முறையிலதான் நிலாவுல தண்ணி மூலக்கூறு தடயத்தைக் கண்டுச்சு.

இன்னொண்ணு எக்ஸ்ரே. மேல இருந்து ஏபிஎக்ஸ்எஸ் வேலைக்காகாது, ஆனா சூரியனே எக்ஸ்ரே அடிக்குது. அது தரையில பட்டுத் திரும்பறதை சந்திரயான்-2 சுற்றுக்கலத்துல இருக்கிற கிளாஸ் (CLASS)னு பேர் வெச்ச கருவி அளக்குது. சூரியன் அமைதியா இருந்தா மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மாதிரி இலேசான தனிமம்தான் தெரியும். பெரிய சீற்றம் வந்தாதான் கால்சியம், டைட்டானியம், இரும்பு வரைக்கும் மேல எழும்பும். அதனால அந்த டீம் சூரியன் எப்போ கொதிக்கும்னு பாத்துட்டே இருக்கணும். 2019ல போன கலம், லேண்டர் அன்னிக்கு விழுந்துருச்சு, எல்லாரும் தோல்வின்னு எழுதினாங்க. சுற்றுக்கலம் நிக்காம அளந்துட்டு இருந்துச்சு. நிலா மேல சோடியம் எங்கெங்க எவ்ளோன்னு முதல் வரைபடத்தை அதுதான் குடுத்துச்சு.

அடுத்த தடவை சார்ட் ஒட்டும்போது அந்த வரைபடத்தையும் சேத்துக்கோங்க தம்பி.